கழுத்துக் கட்டிக்குக் காட்டும் அக்கறை கருவுக்கு முன்னும் வேண்டும்

கழுத்தின் பின்புறத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தென்பட்டால், குடும்பமே திரண்டு மருத்துவமனைக்கு வந்துவிடுகிறது. அது புற்றுநோயாக இருக்குமோ, உடனே அகற்ற வேண்டுமோ, திருமணத்திற்கோ குழந்தைப் பேற்றிற்கோ இடையூறாகுமோ என்று கேள்விகள் அடுக்கடுக்காக எழுகின்றன. இந்த அக்கறை நல்லதே. அதே வீட்டில் நீரிழிவுக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் ஓர் இளம்பெண் தாய்மையை எதிர்நோக்கியிருப்பாள். அவள் கருவுறுவதற்கு முன் மருத்துவரிடம் ஆலோசனை பெற வேண்டும் என்ற எண்ணம் மட்டும் பலருக்குத் தோன்றுவதில்லை. கருவுற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

இரும்புலியூர், பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர், வண்டலூர் எனத் தாம்பரத்தைச் சுற்றியுள்ள பகுதிகளிலிருந்து வரும் குடும்பங்களிடம் நாங்கள் மீண்டும் மீண்டும் காண்பது இதுவே. கண்ணுக்குத் தெரியும் கட்டி அச்சத்தைத் தருகிறது. கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை அச்சத்தைத் தருவதில்லை. ஆனால், பிறக்கப்போகும் குழந்தையின் நலனை வைத்துப் பார்த்தால் இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே எங்கள் கருத்து. பெரும்பாலான கொழுப்புக் கட்டிகள் காத்திருக்கலாம். கருவுறுதலுக்கு முந்தைய சர்க்கரைக் கட்டுப்பாடு காத்திருக்கக் கூடாது.

கொழுப்புக் கட்டி என்பது என்ன?

தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புச் செல்கள் ஓரிடத்தில் பெருகி, மெல்லிய உறைக்குள் திரண்டு நிற்பதே கொழுப்புக் கட்டி. மருத்துவத்தில் இதை லைப்போமா என்கிறோம். மென்திசுக்களில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளில் இதுவே மிகுதியாகக் காணப்படுவது. தொட்டால் மெத்தென்றிருக்கும். விரலால் தள்ளினால் தோலுக்கடியில் நழுவும். வலி பெரும்பாலும் இராது. ஆண்டுக்கணக்கில் மிக மெதுவாகவே வளரும். கழுத்தின் பின்புறம், தோள், முதுகு, கை, தொடை ஆகியவை இது வழக்கமாகத் தோன்றும் இடங்கள்.

கொழுப்பு என்ற பெயரைக் கேட்டதும் எண்ணெயையும் நெய்யையும் நிறுத்தினால் கரைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கரையாது. சுண்ணாம்பு தடவுவதாலும், ஒத்தடம் கொடுத்துப் பழுக்க வைக்க முயல்வதாலும், அழுத்திப் பிசைவதாலும் அது போகாது. தோல் புண்ணாவதுதான் மிச்சம். நீரிழிவு உள்ளவருக்கு அந்தப் புண் ஆறுவதற்கும் நாளாகும். ஊசி வைத்துச் சோதித்தால் கட்டி புற்றுநோயாக மாறிவிடும் என்ற அச்சத்திற்கும் அடிப்படை இல்லை.

இக்கட்டி கருப்பையையோ கருவையோ பாதிப்பதில்லை. எனவே, குழந்தைப் பேற்றுக்கு முன் இதை எடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. கட்டி பெரிதாகி உறுத்தினாலோ, தோற்றம் மனத்தை வருத்தினாலோ அகற்றிக்கொள்ளலாம். அப்போதும் சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு செய்துகொள்வது நல்லது. சர்க்கரை மிகுந்த உடலில் அறுவைப் புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுதல். கருவுற்ற பிறகு கட்டி கவனத்திற்கு வந்தால், ஐயத்திற்கு இடமில்லாத நிலையில், பேறுகாலம் முடியும் வரை பொறுத்திருக்கலாம்.

காத்திருக்கக் கூடாத கட்டிகள்

கழுத்தில் தோன்றும் எல்லாக் கட்டியும் கொழுப்புக் கட்டி அல்ல. ஆகவே, முதலில் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது கட்டாயம். கட்டி விரைவாக வளர்ந்தால், கல்போல் இறுகியிருந்தால், ஆழத்தில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருந்தால், வலித்தால், 5 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் ஸ்கேன் முதலிய சோதனைகள் தேவை. கொழுப்புத் திசுவில் தோன்றும் புற்றுநோய் அரிது என்றாலும், அதைத் தவறவிடாதிருக்கவே இந்த அடையாளங்களைச் சொல்கிறோம்.

கழுத்தின் முன்புறம் இருந்து, எச்சில் விழுங்கும்போது மேலும் கீழும் நகரும் கட்டி பெரும்பாலும் தைராய்டைச் சார்ந்தது. தைராய்டுக் குறைபாடு கருவுறுதலையும் கருவின் வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. ஆகையால், தாய்மையை எதிர்நோக்கும் பெண் இதைத் தள்ளிப்போடலாகாது. கழுத்தின் முன்புறத்தில் பெரிய கட்டி எதுவாயினும், பேறுகாலத்தில் அறுவை தேவைப்பட்டால் மயக்க மருந்து தருபவருக்கு மூச்சுக்குழாய் வழியைக் கையாள்வதில் சிரமம் நேரலாம். அவருக்கு அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

கழுத்தின் பக்கவாட்டில் உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிய முடிச்சுகளாக இருப்பவை நெறிக்கட்டிகள். மாலைநேரக் காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவையும் சேர்ந்தால் காசநோயை நினைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதை வேறெந்த ஊரைவிடவும் நம் ஊர் அறிந்திருக்க வேண்டும். மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928-ஆம் ஆண்டில் காசநோயாளிகளுக்காக இங்கே நிறுவிய சானடோரியம்தான் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. ரயில் நிலையத்திற்கே ‘தாம்பரம் சானடோரியம்’ என்று பெயர் வரக் காரணமும் அதுவே. அக்காலத்தில் நல்ல காற்றும் ஓய்வுமே மருந்து. இன்று அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும் மாத்திரைகளால் காசநோயைக் குணப்படுத்த முடிகிறது. கருவுறுவதற்கு முன்பே அதைக் கண்டறிந்து சிகிச்சையை முடித்துக்கொள்வது தாய்க்கும் சேய்க்கும் நன்று.

பிடரியில் சிவந்து, கொதித்து, பல கண்களுடன் சீழ் வைக்கும் ராஜபிளவை நீரிழிவு முற்றிய நிலையின் எச்சரிக்கை. அது அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டிய கட்டி. பிடரித் தோல் கறுத்து வெல்வெட்டுத் துணிபோல் தடித்திருந்தால், அது அழுக்கன்று. தேய்த்துக் குளித்தாலும் போகாது. உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறி. கழுத்தைக் காட்ட வந்த இளம்பெண்ணுக்கு இரத்தச் சர்க்கரையையும் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

கொழுப்பு முடிச்சுகளில் இன்னொரு வகையும் உண்டு. இன்சுலின் ஊசியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வதால் வயிற்றிலும் தொடையிலும் மெத்தென்ற வீக்கங்கள் ஏற்படுகின்றன. அங்கே வலி குறைவு என்பதால் பலர் அதே இடத்தையே நாடுகிறார்கள். ஆனால், அந்த வீக்கத்தில் போடும் மருந்து சீராக உடலில் சேர்வதில்லை. சர்க்கரை ஒரு நாள் ஏறும், மறுநாள் திடீரென இறங்கும். தாய்மைக்குத் தயாராகும் பெண்ணுக்குக் கழுத்திலுள்ள கொழுப்புக் கட்டியைவிட இந்த வீக்கமே கவலை தர வேண்டியது. ஊசி போடும் இடத்தை நாள்தோறும் மாற்றிக்கொள்வதும், ஒவ்வொரு முறை மருத்துவமனைக்கு வரும்போதும் அந்த இடங்களைக் காட்டிச் சோதித்துக்கொள்வதும் இதற்குத் தீர்வு.

நாள் தள்ளிப்போகும் முன்பே தொடங்கும் காலம்

நீரிழிவு உள்ள பெண்ணுக்குக் கருவுறுவதற்கு முன்பே கட்டுப்பாடு ஏன் தேவை? கரு உருவான முதல் எட்டு வாரங்களில்தான் குழந்தையின் இதயம், மூளை, முதுகுத்தண்டு, சிறுநீரகம் ஆகியவை உருவெடுக்கின்றன. மூளையும் தண்டுவடமுமாக வளரப்போகும் நரம்புக் குழல் ஏறத்தாழ 28-ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போய், சில நாள்கள் பொறுத்துப் பார்த்து, வீட்டில் சோதித்து, நல்ல நாள் பார்த்து மருத்துவரிடம் வருவதற்குள் இந்த வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

தாயின் இரத்தத்தில் உள்ள சர்க்கரை நச்சுக்கொடி வழியாகக் கருவைச் சென்றடைகிறது. அந்த முதல் வாரங்களில் சர்க்கரை மிகுந்திருந்தால் கருச்சிதைவும், இதயம் மற்றும் தண்டுவடக் குறைபாடுகளும் நேரும் வாய்ப்பு கூடுகிறது. ஐந்தாம் மாதத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும், இரண்டாம் மாதத்தில் நேர்ந்த குறையைத் திருத்த முடியாது.

இதற்குச் சான்று உண்டு. அன்றைய கிழக்கு ஜெர்மனியில் கார்ல்ஸ்பர்க் என்னும் ஊரில் இயங்கிய நீரிழிவு மையத்தின் ஆய்வு 1983-இல் வெளியானது. கருவுற்று எட்டு வாரங்களுக்குப் பிறகு சிகிச்சைக்கு வந்த தாய்மாருக்குப் பிறந்த 292 குழந்தைகளில் 22 பேருக்குப் பிறவிக் குறைபாடு இருந்தது. கருவுறுவதற்கு முன்பே சர்க்கரையைக் கட்டுப்படுத்தத் தொடங்கியவர்களுக்குப் பிறந்த 128 குழந்தைகளில் குறைபாடு இருந்தது ஒருவருக்கு மட்டுமே. அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதே திசையையே காட்டின. நீரிழிவு இருந்தால் நலமான குழந்தை பிறக்காது என்பது உண்மையன்று. திட்டமிட்டால் பெரும்பாலோருக்கு நலமான குழந்தை பிறக்கும் என்பதே உண்மை.

நம் மாநிலத்தின் பெருமையும் எஞ்சியிருக்கும் இடைவெளியும்

கருவுற்ற காலத்து நீரிழிவைக் கண்டறிவதில் தமிழ்நாடு இந்தியாவிற்கே வழிகாட்டியது. சென்னையைச் சேர்ந்த பேராசிரியர் வீ. சேஷையாவும் அவருடைய குழுவினரும் நடத்தி, 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற பெண்களில் கருவுற்ற காலத்து நீரிழிவு உள்ளவர்கள் நகர்ப்புறத்தில் 17.8 விழுக்காடு, புறநகர்ப் பகுதியில் 13.8 விழுக்காடு, சிற்றூர்களில் 9.9 விழுக்காடு எனக் கண்டறிந்தனர். 2007-ஆம் ஆண்டிலேயே கருவுற்ற எல்லாப் பெண்களுக்கும் இச்சோதனையைத் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்தியது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்தால் போதும். வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. அளவு 140 மில்லிகிராமை எட்டினாலோ தாண்டினாலோ சிகிச்சை தொடங்கும். அதிகாலையில் பட்டினியோடு பேருந்து ஏற முடியாத தாய்மாருக்கென எளிமையாக்கப்பட்ட இம்முறையையே பின்னர் மத்திய அரசின் வழிகாட்டுதலும் ஏற்றுக்கொண்டது. பேராசிரியர் சேஷையாவுக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10, கருவுற்ற காலத்து நீரிழிவு விழிப்புணர்வு நாளாக இந்தியாவில் கடைப்பிடிக்கப்படுகிறது.

இவை பெருமைக்குரியவை. ஆனால், இந்த ஏற்பாடு முழுவதும் கருவுற்ற பெண் மருத்துவமனையின் படியேறிய பிறகே தொடங்குகிறது. கருவுற்ற பிறகு புதிதாகத் தோன்றும் நீரிழிவுக்கு இது பொருந்தும். முன்பே நீரிழிவு உள்ள பெண்ணுக்கு அது தாமதம். முன்பெல்லாம் நாற்பது, ஐம்பது வயதில் வந்த நோய் இன்று இருபதுகளிலேயே வருவதால், இந்த இடைவெளியில் விழும் பெண்கள் பெருகி வருகிறார்கள்.

இந்த இடைவெளியை அடைக்கப் புதிய கருவிகளோ பெருஞ்செலவோ தேவையில்லை என்பது எங்கள் கருத்து. ஒரு கேள்வி போதும். நீரிழிவுக்கு மருந்து வாங்க வரும் 18 முதல் 45 வயது வரையுள்ள ஒவ்வொரு பெண்ணிடமும், ஒவ்வொரு முறையும், “அடுத்த ஓராண்டில் குழந்தை பெறும் எண்ணம் உண்டா?” என்று கேட்க வேண்டும். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் என யார் வேண்டுமானாலும் கேட்கலாம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து நீரிழிவு மாத்திரை தரும் பணியாளரும் இதைக் கேட்கலாம். ‘உண்டு’ என்று விடை வந்தால், அன்றே திட்டமிடத் தொடங்கலாம். ‘இப்போது இல்லை’ என்று விடை வந்தால், பாதுகாப்பான கருத்தடை முறையைப் பற்றிப் பேசலாம்.

கருவுறுவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை. இது 6.5 விழுக்காட்டிற்குக் கீழ் இருப்பது நல்ல இலக்கு. திடீர்ச் சர்க்கரைத் தாழ்வு வராமல் எட்டக்கூடிய அளவே ஒவ்வொருவருக்கும் உகந்தது. 10 விழுக்காட்டிற்கு மேல் இருந்தால், அது குறையும் வரை கருவுறுதலைத் தள்ளிவைக்குமாறு அறிவுறுத்துகிறோம். இரத்தசோகை உள்ளவர்களுக்கு இச்சோதனையின் விடை மாறுபடக்கூடும். நம் பெண்களில் இரத்தசோகை மிகுதியாக இருப்பதால், வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்த அளவுகளையும் எழுதிக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, மருந்துகளைச் சரிபார்த்தல். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள், இரத்த அழுத்தத்திற்கான எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை, டபாக்ளிஃப்ளோசின், செமாக்ளூடைட் போன்ற புதிய நீரிழிவு மருந்துகள் ஆகியவை கருவுற்ற காலத்திற்கு ஏற்றவையல்ல. இவற்றில் சிலவற்றைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தி, மாற்று மருந்துக்குச் செல்ல வேண்டியிருக்கும். இதைப் படித்தவுடன் நீங்களாகவே எதையும் நிறுத்திவிடாதீர்கள். மருந்துச் சீட்டோடு மருத்துவரிடம் வாருங்கள். இன்சுலினுக்கு மாற வேண்டும் என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருளன்று. குழந்தைக்குப் பாதுகாப்பானது என்பதற்காகவே அதைத் தருகிறோம்.

மூன்றாவது, ஃபோலிக் அமிலம். நீரிழிவு உள்ள பெண்களுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. குழந்தை வேண்டும் என்று முடிவு செய்த நாள் முதல் மூன்றாம் மாதம் முடியும் வரை அதை உட்கொள்ள வேண்டும். விலை மிகக் குறைவு. தொடங்க வேண்டிய காலம்தான் முக்கியம்.

நான்காவது, உடலின் மற்ற பகுதிகளைச் சோதித்தல். விழித்திரைப் பாதிப்பு கருவுற்ற காலத்தில் விரைந்து கூடலாம் என்பதால் முன்பே கண் சோதனை வேண்டும். சிறுநீரில் புரதம், சிறுநீரகச் செயல்பாடு, இரத்த அழுத்தம், தைராய்டு, பல் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவை சீராகும் வரை கருத்தடை முறையைக் கைவிடக் கூடாது.

நாங்கள் கேட்கும் மறுப்புகள்

“எங்கள் பாட்டி பத்துப் பிள்ளை பெற்றாள், அப்போது இதெல்லாம் பார்த்தார்களா?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பத்தில் எத்தனை பிள்ளைகள் தங்கின என்பதையும் அவர்கள் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும். மேலும், இருபது வயதில் நீரிழிவு என்பது அந்தத் தலைமுறையில் இந்த அளவுக்கு இருந்ததில்லை. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட 1921-க்கு முன், இளம் வயதில் நீரிழிவு கண்ட பெண் தாயாவதே அரிதாக இருந்தது.

“வயது ஏறிக்கொண்டே போகிறதே, இன்னும் தள்ளிப்போடச் சொல்கிறீர்களே” என்ற கவலையில் நியாயம் உண்டு. நாங்கள் கேட்பது ஆண்டுக்கணக்கான காத்திருப்பு அன்று. ஒழுங்கான சிகிச்சையில் பலருக்கு மூன்று முதல் ஆறு மாதங்களில் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிடுகிறது. ஒரு கருச்சிதைவுக்குப் பிறகு உடலும் மனமும் தேறுவதற்கே அவ்வளவு காலம் ஆகிவிடும்.

குழந்தை வேண்டிச் சஷ்டி விரதம் இருக்கும் பெண்கள் பலர் எங்களிடம் வருகிறார்கள். அந்த நம்பிக்கையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால், இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு உண்ணாதிருப்பது ஆபத்தானது. விரதத்தின் முறையையும் மருந்தின் அளவையும் மருத்துவரிடம் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றினும் கடினமான மறுப்பு வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. பெண் பார்க்க வரும்போது நீரிழிவை மறைத்துத் திருமணம் செய்துவைக்கிறார்கள். புகுந்த வீட்டில் குளிர்ப்பெட்டியில் இன்சுலின் குப்பியை வைக்கவும் அந்தப் பெண்ணுக்குத் துணிவு வருவதில்லை. அவள் ஊசியை விட்டுவிடுகிறாள். அந்த நிலையிலேயே கருவுறுகிறாள். இங்கே நோயைவிட மறைப்பே பெருங்கேடு செய்கிறது. பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள்: கழுத்துக் கட்டியை மறைக்க முடியாது என்பதால் மருத்துவம் பார்க்கிறீர்கள். மறைக்க முடிகிறது என்பதற்காக நீரிழிவை மறைக்காதீர்கள். மாமியார், மாமனாரிடமும் கணவரிடமும் எங்கள் வேண்டுகோள்: அந்தக் குப்பிக்குக் குளிர்ப்பெட்டியின் கதவுத் தட்டில் ஓர் இடம் கொடுங்கள். உங்கள் பேரக்குழந்தைக்கு நீங்கள் முதலில் செய்யும் நன்மை அதுவாகவே இருக்கும்.

முன்பு கருவுற்ற காலத்தில் மட்டும் சர்க்கரை இருந்து, பேற்றுக்குப் பின் மறைந்துபோன தாய்மாருக்கும் ஒரு சொல். குழந்தை பிறந்த ஆறாவது வாரத்தில் ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நீரிழிவு நிலைத்துவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அடுத்த குழந்தையைப் பற்றி நினைக்கும்போது, இதுவரை சொன்னவை அனைத்தும் உங்களுக்கும் பொருந்தும்.

அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது, நாங்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லலாம்: “டாக்டர், குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம்.” கணவரையும் உடன் அழைத்து வாருங்கள். பழைய மருந்துச் சீட்டுகளையும் சர்க்கரை எழுதிய குறிப்பேட்டையும் எடுத்து வாருங்கள். கழுத்தில் கட்டி இருந்தால் அதையும் அன்றே பார்த்துவிடுகிறோம். ஆனால், நம் பேச்சு குழந்தையிலிருந்து தொடங்கட்டும்.